நெஞ்சில் ஒட்டிய இரண்டு வாரம்

முதன்முதலில் எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டபோது என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மூன்று வருடம் இருக்கும். அதற்கு முன்பும் வந்திருக்கலாம். நான் கவனிக்காமல் ஓடிக்கொண்டிருந்திருப்பேன். என் வேலை அப்படி.

வேலூரில் குடியிருந்து ஆம்பூரில் வேலை பார்க்கிறேன். ஷூ ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டில் வாங்குகிறவர்களுக்கும் எங்கள் பேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். தோலின் நிறம் கொஞ்சம் மங்கல் என்று அங்கிருந்து மெயில் வரும். நான் சாம்பிள் ரூமுக்கு ஓடுவேன். அங்கே, புதுத் தோல் இன்னும் வந்தே சேரவில்லை என்பார்கள். தோல் பதனிடுகிற டேனரிக்குப் போன் போடுவேன். நேற்றே அனுப்பிவிட்டோம் என்பார்கள். இதற்குள் வெளிநாட்டிலிருந்து அடுத்த மெயில் வந்திருக்கும். ஓரிடத்தில் உட்கார்ந்து டீ குடித்த ஞாபகம் எனக்கு இல்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நடப்பேன். அதனால் நெஞ்சு ஓடுகிறது என்று நான் சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை.

அது வருவதற்கு முன்னறிவிப்பு கிடையாது. தையல் மெஷினில் தோலை வைக்காமல் பெடலை முழுசாக மிதித்தால் ஊசி வெறும் காற்றில் எப்படிக் குதிக்குமோ, அப்படி நெஞ்சுக்குள் ஒன்று குதிக்க ஆரம்பிக்கும். தொண்டைவரைக்கும் தெரியும். கை ஜில்லிட்டுப்போகும். இருமினால் சில சமயம் நிற்கும், சில சமயம் நிற்காது. பிறகு யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று அடங்கும். மாதத்துக்கு ஒரு முறை வரும். சில சமயம் இரண்டு மாதம் வராது. மறந்துபோன பிறகு வரும்.

என் மனைவி நர்ஸ். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் இருபது வருடமாக இருக்கிறாள். வீட்டிலேயே நர்ஸ் இருந்தால் நல்லது என்று எல்லாரும் நினைப்பார்கள். ஆனால், இரவும் பகலும் நிஜமான நோயைப் பார்த்து வருகிறவளுக்கு வீட்டில் இருக்கிறவர்களின் நோய் சின்னதாகத்தான் தெரியும். நான் கூப்பிட்டால் வருவாள். மணிக்கட்டைப் பிடிப்பாள். அவள் விரல் வைக்கிற நேரத்துக்கு அது அடங்கிப்போயிருக்கும்.

"நல்லாத்தானேங்க ஓடுது."

"இப்பதான் நின்னுச்சு. நீ வர்றதுக்குள்ள நின்னுடுச்சு."

"கேஸா இருக்கும். காலையில வெறும் வயித்துல டீ ஊத்திக்கினே இருந்தா வேற இன்னா ஆகும்?"

ஓமத்தண்ணீர் வைத்துத் தருவாள். நானும் குடிப்பேன். இரண்டு முறை இசிஜி எடுத்தோம். எக்கோ எடுத்தோம். ஒருநாள் முழுக்க இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டி, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி அனுப்பினார்கள். அந்த ஒருநாளும் என் இதயம் பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கிற பிள்ளைபோல் நின்றது. எல்லா ரிப்போர்ட்டிலும் நார்மல். அந்தச் சொல்லை நான் வெறுக்க ஆரம்பித்தேன். என் மனைவி ரிப்போர்ட்டை மடித்து உறைக்குள் வைக்கிற விதத்தில், சரி, இத்தோடு விட்டுவிடுங்கள் என்று இருக்கும்.

பிறகு கம்பெனி பஸ்ஸில் விழுந்தேன்.

எங்கள் பஸ் வேலூரில் எங்களை ஏற்றிக்கொண்டு, பள்ளிகொண்டாவில் நின்று, மாதனூரில் நின்று ஆம்பூருக்குப் போகும். மாதனூரில் சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் ஏறுவார்கள், பெரும்பாலும் தையல் பிரிவு. அன்றைக்கு நான் எழுந்து நின்று போனில் பேசிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து பேசினால் எனக்குப் பேச்சு வராது. மாதனூர் தாண்டியதும் அது ஆரம்பித்தது. வழக்கம்போல அடங்கிவிடும் என்று பேசிக்கொண்டே இருந்தேன். எதிர்முனையில் இருந்தவர் ஏதோ கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பஸ்ஸின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக இருட்டிக்கொண்டு வந்தன.

கண் திறந்தபோது ஒரு பெண்ணின் மடியில் என் தலை இருந்தது. அவர் தன் சாப்பாட்டுப் பையின் ஈரத்துணியால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஸ் ஓரமாக நின்றிருந்தது. லாரிகள் பக்கத்தில் பாய்ந்து போகும்போதெல்லாம் பஸ் ஆடியது.

"அய்யோ சார், கண்ணெல்லாம் மேல போய்டுச்சு. எங்களுக்கு உசுரே போய்டுச்சு."

"எவ்ளோ நேரம்?"

"தெரியல சார். நாங்க கத்துனதுலதான் டிரைவரண்ணன் நிறுத்துனாரு."

ஆம்பூரில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் இசிஜி நார்மல். காலையில் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். சாப்பிடவில்லை. அப்படியென்றால் அதுதான் என்றார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, முதல் தடவையாக அவள் கேஸ் என்று சொல்லவில்லை. சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"விழறதுக்கு முன்னாடி ஓடுச்சா, விழுந்தப்புறம் ஓடுச்சா?"

"முன்னாடி."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவள் உடனே போனை எடுத்து, இதயப் பிரிவில் இருக்கிற தன் தோழியிடம் பேச ஆரம்பித்தாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண்மணி. வெளியே வராந்தாவில் பல மாநிலத்துப் பாஷைகளில் மனிதர்கள் டோக்கனோடு நின்றிருந்தார்கள். உள்ளே அவர் அவசரமே இல்லாமல் கேட்டார். நான்தான் பறந்தேன். பாதி கேள்விக்கு முன்னாலேயே பதில் சொன்னேன்.

"இசிஜி எடுக்கறது சில செகண்ட்தான். உங்களுக்கு வர்றது மாசத்துக்கு ஒருதடவ. வீட்ல திருடன் எப்பவோ ஒருநாள் வர்றான். நாங்க ஒரு நிமிஷம் கதவைத் திறந்து பாத்துட்டு, யாரும் இல்லைன்னு சொன்னா எப்படி? கூடவே காவல் இருக்கணும்."

இரண்டு வாரம் நெஞ்சில் ஒட்டிவைக்கிற பேட்ச் ஒன்று இருக்கிறது என்றார். ஒயர் கிடையாது. ஒவ்வொரு துடிப்பையும் பதிவு செய்துகொண்டே இருக்கும். ஏதாவது தோன்றினால் நடுவில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். அழுத்திய இடத்தில் ஒரு அடையாளம் விழும். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்.

"என்னன்னு தெரியறவரைக்கும் வண்டி ஓட்டக்கூடாது."

"ஸ்கூட்டர்தான் மேடம். பஸ் ஸ்டாப்வரைக்கும்தான்."

"ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்தா வலிக்காதா?"

பக்கத்தில் இருந்த என் மனைவி சிரித்துவிட்டாள். அடுத்த நாளிலிருந்து அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். நிதானமாகத்தான் ஓட்டுவாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் பின்னாலிருந்து காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பேன்.

பேட்ச் ஒட்டிய டெக்னீஷியன் முதலில் நெஞ்சின் இடதுபக்க முடியை மழித்தார். பிறகு சொரசொரப்பான ஒன்றால் தோலைத் தேய்த்தார். எரிந்தது. ஸ்பிரிட்டில் துடைத்து, காயவிட்டு, பேட்சை வைத்து, உள்ளங்கையால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பேக்டரியில் ஷூவின் மேல்பாகத்தை அடிப்பாகத்தோடு ஒட்டுவதற்கு முன்னால் தோலை இப்படித்தான் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார்கள். இல்லாவிட்டால் பசை பிடிக்காது. இத்தனை வருடம் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் அனுபவித்ததை அன்றைக்கு என் தோல் அனுபவித்தது.

"வேர்த்தா ஓரம் கெளம்பும் சார். ஜாஸ்தி வேர்க்காம பாத்துக்கோங்க."

சித்திரை மாதத்து வேலூரில் நின்றுகொண்டு அவர் அதைச் சொன்னார்.

முதல் வாரம் நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். பஸ் பள்ளத்தில் இறங்கினால் அழுத்தினேன். வெளிநாட்டுப் போன் வந்தால் அழுத்தினேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினால் அழுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது, நெஞ்சு ஒரு துடிப்பைத் தாண்டியதுபோல் தோன்றியது. சட்டைக்கு மேல் கையை வைத்து அழுத்தினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு, ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதுவரை எனக்கு இதயம் இருக்கிறது என்ற நினைப்பே கிடையாது. இப்போது வேறு எதுவும் நினைப்பில் இல்லை. நடந்தால் கேட்டது. படுத்தால் தலையணைக்குள் கேட்டது. மெயில் படித்துக்கொண்டிருக்கும்போதே விரல் தானாகக் கழுத்துக்குப் போகும். எண்ணுவேன். எண்ணிக்கை தப்பும். மறுபடி எண்ணுவேன். மெயிலில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. பேட்சின் ஓரம் அரித்தது. சொரியக்கூடாது. சொரிந்தால் கிளம்பிவிடும். அரிப்பைச் சுற்றிச் சுற்றி விரலால் தட்டிக்கொண்டே இருப்பேன்.

எங்கள் சாம்பிள் ரூமில் ஷூவுக்கு மாதிரி வெட்டுகிற பேட்டர்ன் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். ஆம்பூர்க்காரர். அவரை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். என்னை சார் என்பார், ஆனால் இருபது வருடத்துத் தோஸ்த். ஒருநாள் அவரிடம் சட்டைப் பட்டனைக் கழற்றிக் காட்டினேன்.

"இன்னா சார் இது, சிம் கார்டு மாட்டியிருக்காங்களா?"

"பட்டன் இருக்குது பாருங்க பாய். ஏதாவது பண்ணா அழுத்தணும்."

"அழுத்துனா ஆம்புலன்ஸ் வந்துடுமா?"

"வராது. குறிச்சு மட்டும் வெச்சுக்கும். கழட்டின பிறகுதான் பாப்பாங்க."

அவர் குனிந்து அதைப் பார்த்தார். "அப்ப இது காப்பாத்தாது. சாட்சி மட்டும் சொல்லும்," என்றார்.

அன்றைக்குப் பூரா அந்தப் பேச்சு என்னை அரித்தது. பேட்ச் அரித்ததைவிட ஜாஸ்தி.

இரண்டாம் வாரம் பாதி தாண்டியும் அது வரவில்லை. அழுத்தியதெல்லாம் சும்மா என்று எனக்கே தெரிந்துவிட்டது. நிஜமாக வந்தால் சந்தேகமே இருக்காது. அது வரவில்லை. இன்னும் சில நாளில் இதைக் கழற்றிவிடுவார்கள். மறுபடியும் ஒரு ரிப்போர்ட். மறுபடியும் அதே சொல். அடுத்த வாரமே அது பஸ்ஸில் வரும். அப்போது நெஞ்சில் ஒன்றும் இருக்காது.

நான் அதை வரவழைக்க முயன்றேன்.

டீக்குப் பதிலாகக் கெட்டிக் காப்பி குடித்தேன், அடுத்தடுத்து. மதியம் சாப்பாட்டை விட்டேன். பேக்டரிக்குப் பின்னால் குடோனுக்குப் போகிற இரும்புப் படிக்கட்டு ஒன்று உண்டு. மதிய இடைவேளையில் அதில் ஏறி இறங்கினேன். வெயிலில் இரும்பு கொதித்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. நெஞ்சு வேகமாகத்தான் அடித்தது, ஆனால் ஏறினவனுக்கு அடிக்கிற மாதிரி நியாயமாக அடித்தது. மறுபடி ஏறினேன். கீழே இறங்கும்போது பாய் நின்றிருந்தார்.

"இன்னா சார் பண்றீங்க?"

"வரமாட்டேங்குது பாய்."

"எது?"

நான் நெஞ்சைக் காட்டினேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, நடுவில் நிறுத்தினார். முகம் மாறியது.

"நோவு போவணும்னு தர்காவுக்குப் போறவனைப் பாத்துருக்கேன். நோவு வரணும்னு படியேறுற ஆளை இப்பதான் பாக்கறேன். இங்க சுருண்டு விழுந்தா யாருக்குத் தெரியும்? சும்மா பேஜார் பண்ணாதீங்க, வாங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் தன் சாப்பாட்டில் பாதியைப் போட்டுத் தந்தார். சாப்பிட்டேன். அவர் அத்தோடு விடவில்லை. என் மனைவிக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அவள் யூனிபார்மைக்கூட மாற்றாமல் காத்திருந்தாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பஸ்ல மயங்கி விழுந்த ஆளு நீங்க. இரும்புப் படியில ஏறி ஓடுனீங்களா?"

"இன்னும் நாலு நாள்தான் இருக்குது. வரலன்னா?"

"வரலன்னா சந்தோஷப்படணும்."

"மறுபடியும் நார்மல்னு சொல்வாங்க."

"சொல்லட்டும். யாருக்கு நீங்க ப்ரூவ் பண்ணணும்? டாக்டருக்கா?"

"உனக்கு."

சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் உடைமாற்றிக்கொண்டு வந்து சமையலைத் தொடங்கினாள். அன்றைக்கும் அடுத்த நாளும் எங்களுக்குள் சாப்பாடு, தண்ணீர், சாவி தவிர வேறு பேச்சு இல்லை. நான் வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடந்துகொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை கலவை என்கிற ஊரில் அவளுடைய சித்தி மகன் கட்டிய புது வீட்டுக்கு ஜெபம் வைத்திருந்தார்கள். போகாமல் இருக்க முடியாது. ஆற்காடு வழியாகப் பஸ்ஸில் போனோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் ஒன்று, கலவை நெருங்குகிற வரைக்கும் நான் என் கழுத்தில் விரல் வைக்கவே இல்லை. சண்டையில் அதை மறந்திருந்தேன்.

ஜெபம் முடிந்தது. புதுப் பெயின்ட் வாசனையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கைகழுவிவிட்டு வெளியே வந்தேன். வாசல்படிக்குக் கீழே செருப்பும் ஷூவுமாகக் குவிந்து கிடந்தது. அதில் ஒரு ஜோடி ஷூவின் தையல் எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. எங்கள் பேக்டரியில் செய்ததாக இருக்குமோ என்று சந்தேகம். செருப்புக் குவியலைப் பார்த்தால் எதையாவது எடுத்துத் திருப்பிப் பார்ப்பது என் கெட்ட பழக்கம். குனிந்து ஒன்றை எடுத்தேன். அடிப்பாகத்தைத் திருப்பினேன்.

அது வந்துவிட்டது.

குனிந்தவன் நிமிர்வதற்குள் நெஞ்சுக்குள் அந்தத் தையல் மெஷின் பெடலை யாரோ முழுசாக மிதித்துவிட்டார்கள். யாருடையதோ ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். இத்தனை நாள் கூப்பிட்டேன். வந்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பட்டன் ஞாபகமே வரவில்லை.

அவள் பின்னாலேயே வந்திருந்தாள்.

"யார் ஷூவைக் கையில வெச்சுக்கினு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். என் கழுத்தைப் பார்த்தாள். இறங்கி வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். மூன்று வருடத்தில் எத்தனையோ முறை பிடித்த மணிக்கட்டு. அவள் விரல்கள் ஒரு இடத்தில் நின்றன, அழுந்தின, விலகி மறுபடி பதிந்தன. அவள் உதடு எண்ண ஆரம்பித்து, எண்ண முடியாமல் விட்டது. வார்டில் வேறு யாருக்கோ வைத்திருக்கிற அந்த முகத்தை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

"அழுத்துனீங்களா?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அவளே என் சட்டைக்கு மேல் கைவைத்துத் தடவி, பட்டனைக் கண்டுபிடித்து அழுத்தினாள். பிறகு என்னைப் படியில் உட்காரவைத்தாள்.

"மூச்ச இழுத்துப் புடிங்க. வாய மூடிக்கினு வயித்துக்குள்ள முக்குங்க. நல்லா. விடாதீங்க. விடாதீங்க. இப்ப விடுங்க."

முதல் தடவை நிற்கவில்லை. இரண்டாவது தடவை மூச்சை விட்டபோது நின்றது. நின்றது என்றால் எல்லாமே நின்றது. ஒரு வெற்றிடம். அவள் விரல் என் மணிக்கட்டில் இறுகியது. பிறகு ஒரு பெரிய அடி. அதற்கப்புறம் வழக்கமான நடை.

அவள் கையை எடுக்கவில்லை.

"இதத்தான் சொல்லிட்டு இருந்தீங்களா?"

"ஆமா."

"இவ்ளோ வேகமாவா?"

"ஆமா."

உள்ளேயிருந்து யாரோ எட்டிப்பார்த்து, இன்னா ஆச்சு அக்கா என்று கேட்டார்கள். வெயில் ஒத்துக்கலை, கொஞ்சம் தண்ணி குடு என்று திரும்பாமலே சொன்னாள். தண்ணீர் வந்தது. அவள் குடித்தாள். மிச்சத்தை என்னிடம் தந்தாள். ஷூ இன்னும் என் மடியில் இருந்தது. அதை வாங்கி அதன் ஜோடியோடு சேர்த்து வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

பேட்சைக் கழற்றியபோது தோலில் கட்டமாகச் சிவந்திருந்தது. ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்கள் ஒட்டியிருந்த நாட்களைவிட மோசம். அவசரமாக இருந்தால் நாங்களே கூப்பிடுவோம் என்றார்கள். அதனால் ஒவ்வொரு போன் மணிக்கும் நான் எழுந்து நின்றேன். கூப்பிடாவிட்டால் நல்லது என்று தெரியும். கூப்பிடவில்லையே என்றும் இருந்தது.

டாக்டர் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். முதல் வாரத்தில் நான் அழுத்திய இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாவற்றிலும் துடிப்பு ஒழுங்காக நடந்திருந்தது. கலவையில் என் மனைவி அழுத்திய இடம் வந்தது. கோடு ரம்பத்தின் பல்லாக மாறியிருந்தது.

"இதான். ரொம்பத் தெளிவா கிடைச்சிருக்கு. இதயத்துல மின்சாரம் போற பாதைல ஒரு குறுக்கு வழி இருக்கு. சில சமயம் அது வட்டமா சுத்த ஆரம்பிச்சுடும்."

பிறகு இன்னும் சில இடங்களைக் காட்டினார். சின்னச் சின்ன ஓட்டங்கள், சில விநாடிகளில் தானாக அடங்கியவை. ஒன்று ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தில். ஒன்று வேலை நாளில், மதியம். நேரத்தைப் பார்த்தால், பாயோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். இரும்புப் படியில் வராதது, அவர் போட்ட சோற்றைத் தின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது வந்துவிட்டுப் போயிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. பயந்த நேரத்திலெல்லாம் அது சும்மா இருந்திருக்கிறது. பயப்படாத நேரத்தில் ஓடியிருக்கிறது.

என் மனைவி வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரம்பம் முடிந்த இடத்தில் கோடு நேராகக் கொஞ்ச தூரம் போயிருந்தது.

"மேடம், இந்த கேப்?"

"ஓட்டம் நின்னதும் வழக்கமான துடிப்பு எழுந்திரிக்க எடுத்துக்கிட்ட நேரம். இந்த அளவு இருக்கறது உண்டு. ஓட்டமே வராம பண்ணிட்டா இதுவும் வராது."

மாத்திரை போட்டுப் பார்க்கலாம், அல்லது தொடையின் ரத்தக்குழாய் வழியாக ஒயரைச் செலுத்தி அந்தக் குறுக்கு வழியைச் சுட்டு அடைத்துவிடலாம் என்றார். நான் உடனே இரண்டாவதைச் சொன்னேன். இன்னொரு நாள் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. என் மனைவிதான் தயங்கினாள். எத்தனையோ தாய் தகப்பன்மாரிடம் ஒண்ணும் ஆகாதுங்க என்று சொல்லியிருப்பவள், டாக்டரிடம் ஒரே கேள்வியைச் சொற்களை மாற்றி மாற்றிக் கேட்டாள். டாக்டரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் பதில் சொன்னார்.

அந்தச் சிகிச்சைக்குக் கொண்டுபோன அறை ரொம்பக் குளிராக இருந்தது. எனக்கு மயக்க மருந்து தரவில்லை, தொடையில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டரின் குரல் தலைமாட்டில் கேட்டது.

"இப்ப நாங்களே அதை வரவைக்கப் போறோம். பயப்படாதீங்க."

வந்தது. அவ்வளவு சுலபமாக, கூப்பிட்ட குரலுக்கு வந்தது. நிறுத்தினார்கள். மறுபடி வரவைத்தார்கள். மறுபடி நிறுத்தினார்கள். என் நெஞ்சு யாரோ ஓட்டிப்பார்க்கிற மெஷினாக இருந்தது. பிறகு லேசான சூடு, தோள்பட்டைவரைக்கும். அதற்கப்புறம் எவ்வளவு நேரம் முயன்றும் அவர்களால் அதை வரவைக்க முடியவில்லை. டாக்டர் முகக்கவசத்துக்குள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. சாயங்காலம் வார்டில், ஊசி போட்ட காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும் என்றார்கள். என் வாழ்க்கையிலேயே நான் அசையாமல் கிடந்தது அந்தச் சில மணிநேரம்தான். என் மனைவி முட்டிக்கு மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், நான் ஆட்டிவிடுவேன் என்று.

இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அது வரவில்லை. எப்போதாவது ஒற்றைத் துடிப்பு ஒன்று இடறும். எல்லாருக்கும் இருப்பதுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்த நேரத்தில் நான் செய்துகொண்டிருக்கிற காரியம் நின்றுபோகும். அடுத்த துடிப்பு வருகிறதா என்று காத்திருப்பேன். வரும். நானும் நடப்பேன். வேலை மாறவில்லை, ஓட்டம் மாறவில்லை. மெயில் வந்தால் இன்னும் எழுந்துதான் நிற்கிறேன்.

போன மாதம் பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மாதனூரில் ஏறுகிறவர், தையல் பிரிவு.

"சார், உங்களுக்கு நெஞ்சுல என்னமோ ஒட்டுனாங்களாமே."

"ஆமாம்மா."

"எனக்கும் அப்டி வருது சார். மெஷின்ல உக்காந்திருக்கும்போதே வருது. ரெண்டு தடவ டாக்டராண்ட போனேன். ஒண்ணும் இல்ல, டென்ஷன்னு மாத்திரை குடுத்துட்டாங்க. வீட்லயும் வேலைக்குப் போவப் புடிக்காம நடிக்கறேன்றாங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. லீவு நாளில் அந்தப் பெண்ணைத் தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். போன திங்கட்கிழமை அவருக்கும் பேட்ச் ஒட்டியிருக்கிறார்கள். தினமும் மாதனூரில் ஏறியதும் என்னைத் தேடி, இன்னும் வரலை சார் என்று சொல்லிவிட்டுப் போகிறார். படிக்கட்டில் ஏறி ஓடிவிடாதீங்கம்மா என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்கு அது புரியவில்லை. சிரித்துவிட்டு, பின்சீட்டில் தோழிகளுக்கு நடுவில் போய் நெருக்கி உட்கார்ந்துகொள்கிறார்.